ஆம்பளை ஜக்கு

அந்தக் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தால் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பையன் பிறந்தால் தூக்குவார்கள், கொஞ்சுவார்கள், ஆனால் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஊர் உலகத்தில் இல்லாத வழக்கம்தான். பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் "பொண்ணா?" என்று உதட்டைப் பிதுக்கும்போது, இவர்கள் ஆயாவின் கையில் மிட்டாய் டப்பாவையே திணித்துவிட்டு வருவார்கள்.

காரணம் இருந்தது. தாத்தா நாற்பத்துச் சொச்ச வயதில் குடல் புற்றுநோயில் போனார். அப்பாவும் ஏறக்குறைய அதே வயதில், அதே நோயில். சித்தப்பா ஒருவர் கல்யாணம் ஆன சூட்டோடு போய்ச் சேர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களில் நரைத்த தலையோடு ஓர் ஆம்பளையைத் தேடினால் கிடைக்காது. பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள், கஞ்சி வைத்தார்கள், அழுதார்கள், மறுபடி எழுந்து வேலைக்குப் போனார்கள். "நம்ம வீட்டுல பொண்ணாப் பொறந்தவ பொழைச்சா" என்பது அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட பழமொழி.

அப்படிப் பிழைத்தவள் என்று எல்லோரும் நினைத்திருந்த ஒருத்தியின் கதை இது.

அவளுக்குக் கறையக்கா என்று பேர் வைத்தது சலவைக்கூடம். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துவாலையும் மேசைத் துணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். மூட்டையை அவிழ்த்து நீளமான தகர மேசையில் கொட்டுவார்கள். சுத்தமானது நேரே மெஷினுக்குப் போகும். கறை பட்டது அவளிடம் வரும். காப்பி, உதட்டுச் சாயம், துரு, பேனா மை, ரத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில், ஒரு பிரஷ், ஒரு பக்குவம். ரத்தத்துக்கு மட்டும் வெந்நீர் ஆகவே ஆகாது. சூடு பட்டால் நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டு துணி கிழியும்வரை போகாது. புதிதாக வந்த பெண் எவளாவது அவசரத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால், "அடிப் பாவி, மூடுடி அதை!" என்று கறையக்கா போடும் சத்தம் கொதிகலன் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

அப்பா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தம்பி. பிறகு வேலை, கல்யாணம், ஒரே ஒரு மகள். கட்டியவன் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அவளும் சொன்னதில்லை. மகள் பிறந்த அன்று அண்ணன் தன் மாபெரும் கைகளில் அந்தத் துக்கினியூண்டு பொட்டலத்தை வாங்கி, "இவ நம்மளையெல்லாம் அனுப்பி வச்சுட்டு நிதானமா வருவா" என்றான். அவனுக்கு அப்போதே தன்னைப் பற்றி ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

அண்ணனின் துணியில்தான் அவள் முதலில் அந்தக் கறையைப் பார்த்தாள். அவன் மனைவிக்குக் காய்ச்சல் என்று இவள்தான் ஒரு வாரத் துணியை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஓரம் பழுப்பேறி, நடுவில் மங்கிய சிவப்பு. அவன் அதைத் தானே கசக்கியிருக்கிறான், அதுவும் வெந்நீரில்.

"என்னண்ணா இது?"

"மூலம். உட்கார்ந்தே வேலை பாக்கறேன்ல. வேற ஒண்ணுமில்லை, நீ உன் வேலையைப் பாரு."

ஒரு வருஷமாக மூலம் என்று சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். இரண்டு பையன்களை விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு கறையக்கா தம்பியைக் கண்கொத்திப் பாம்பாகக் காக்க ஆரம்பித்தாள். தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறுவதற்குப் பயப்படாதவன் டாக்டர் என்றால் பயப்படுவான். வாரா வாரம் அவன் வீட்டுக்குப் போய் அழுக்குத் துணியை மூட்டை கட்டி எடுத்து வந்துவிடுவாள். தம்பி மனைவிக்கு இதில் ஏக சந்தோஷம், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தம்பிக்குத்தான் மானம் போனது.

"ஏன்க்கா, என் ஜட்டியைக்கூட விட மாட்டியா? வெளியில தெரிஞ்சா கம்பத்துல ஏறவிடாம சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனா நாளைக்கு உன்னைத் தூக்கப் போறான்?"

ஒருநாள் அகப்பட்டது. நகத்தின் அளவுகூட இல்லை, வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரம்பக் கட்டம். குடலில் ஒரு சாண் வெட்டினார்கள், லைன்மேன் பிழைத்தான். மறுபடியும் கம்பத்தில் ஏறினான். அக்கா என்றால் அவனுக்கு அதற்கப்புறம் சாமி மாதிரி. மணியோசை கேட்டால் யானை வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா, அவளுக்கு அந்த மணி கறைதான். கறை ஏமாற்றாது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பிறகு அவளை நடுத்தெருவில் விட்டது.

தம்பிக்கு அந்த ஆஸ்பத்திரியில் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவைச் சொல்லும்போது அக்காவும் கூட உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே எழுதியிருப்பதையெல்லாம் நகல் எடுக்கும், நகலில் பிழை விழும், அதைத் திருத்த ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் குடும்பத்தில் அந்த ஆட்களில் ஒருவன் பிறவியிலேயே ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்றார். பெற்றவர்களில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்குக் குடலில் புற்று வருவது கூடுதல், சீக்கிரமே வரவும் செய்யும். கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

அந்த 'எல்லாரும்' இவர்கள் மனதில் நிற்கவே இல்லை. ஆண்களுக்குக் கூடுதல் என்றதுமே அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நமக்குத் தெரியாததா! பஸ் பிடித்து வீடு வருவதற்குள் 'கூடுதல்' என்பது 'மட்டும்' ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று தலைமுறைச் சாவு அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தது, ஒரு டாக்டரின் அரைமணி நேரப் பேச்சு அதை எப்படி அசைக்கும்?

அண்ணன் பையன்கள் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். பெரியவனுக்கு இருந்தது, சின்னவனுக்கு இல்லை. அதிலிருந்து லைன்மேனுக்கும் பெரியவனுக்கும் வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ ஒரு மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வயிறு வெடிக்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும். கறையக்கா அதற்கென்றே பச்சை நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜக்கு வாங்கினாள். எவ்வளவு தண்ணீர் என்பதற்கு மகளின் நகச்சாயத்தால் வெளியே ஒரு சிவப்புக் கோடு போட்டாள். கலப்பதெல்லாம் அவள்தான். நன்றாகக் கரைக்க வேண்டும், அரைமணி குளிரவைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தம்பி முகத்தைச் சுளித்தால், "மூக்கைப் பிடிச்சுக்கோ, ஒரே மடக்கு!" என்று பக்கத்தில் நின்று அதட்டுவாள். மற்ற நாட்களில் ஜக்கு அலமாரியின் மேல்தட்டில் தனியாக இருக்கும். மகள் சின்ன வயதில் அதை விளையாட எடுத்தபோது தம்பி சிரித்துக்கொண்டே பிடுங்கினான்.

"அதைத் தொடாதே கண்ணு. அது ஆம்பளை ஜக்கு."

அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

மகளைத் தூங்கவைக்கும்போது கறையக்கா ஒன்றைச் சொல்லுவாள். மற்ற அம்மாக்கள் ராஜா கதை சொல்லும் நேரத்தில் இவள், "உனக்கு ஒண்ணும் வராது. நீ என்னை மாதிரி, பொண்ணு" என்பாள். குழந்தைக்கு அதுதான் தாலாட்டு. வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிடித்தவனைக் கட்டிக்கொண்டு, அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தபோது லைன்மேன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று விசில் அடித்தான். நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனாள்.

பேத்தி தவழ ஆரம்பித்த காலத்தில் கறையக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் தளம் மாடியில் இருந்தது. நடுப்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். ஈர சிமெண்டுத் தரையில் நின்று நின்று கால் வீங்குவது பழகியது, இது புதிது. வெள்ளைத் துணியைப் பார்த்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

ரோலர் இஸ்திரியில் நிற்கும் தோழி ஒருத்தி, இருபது வருஷச் சிநேகிதி, சாப்பாட்டு நேரத்தில் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, நகத்துல பொட்டு ரத்தமில்லை? நம்ம கம்பெனி துணியைத்தான் வெளுக்குதுன்னு நினைச்சேன், உன்னையுமா போட்டு வெளுத்துடுச்சு?"

"வயசாகுதுல்ல. வீட்டுக்குத் தூரமாறதும் நின்னுபோச்சு. எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"உங்க வீட்டு நோயா இருக்கப் போகுது, பாத்துக்கோ."

"அது ஆம்பளைங்களுக்குடி. எனக்குன்னா முதல்ல என் கண்ணுக்குத் தெரியாதா? ஒரு பொட்டுக் கறை இல்லை."

உண்மைதான். அவள் பார்க்காமல் இல்லை. பழக்க தோஷம், தன் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் நனைப்பாள். சுத்தமாக இருந்தது. தெருமுனை டாக்டர் சத்துக் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதினார். குடும்பத்தில் என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஆம்பளைகளின் நோயைத் தன் சீட்டில் எதற்கு எழுத வேண்டும்? மாத்திரையில் மலம் கறுத்தது, அதையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டாள். மழைக்காலம் வந்து போனது. ரத்தம் ஏறவில்லை.

மாடிப்படியில் ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோழிதான் ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு மகளின் வயதுதான் இருக்கும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றின் வலப்பக்கத்தை அழுத்தினார், ஒரே இடத்தை இரண்டாம் தடவையும் அழுத்தினார்.

"குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்திருக்காம்மா?"

"ஆம்பளைங்களுக்கு இருக்கு டாக்டர். குடல்ல. தாத்தா, அப்பா, அண்ணன். தம்பிக்கு வெட்டி எடுத்தாங்க, நல்லா இருக்கான். எங்க வீட்ல பொம்பளைங்களுக்கு வராது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவங்க கூடப் பொறந்தவங்கதானேம்மா?"

சுடுசொல் ஒன்றுமில்லை. ஆனால் கறையக்கா கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நான்காக மடித்தாள்.

"பொம்பளைங்க யாரும் கேன்சர்ல இறக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அத்தை ஒருத்தி. அப்பாவோட தங்கச்சி. அது கர்ப்பப்பைல டாக்டர். பிள்ளை பெறாததால வந்ததுன்னு சொன்னாங்க. அது வேற."

"வேற இல்லைம்மா. அதே மரபணுதான். பொம்பளைங்களுக்கு அது கர்ப்பப்பையிலயும் வரும், குடல்லயும் வரும். குடல்ல ஆம்பளைங்களைவிடக் கொஞ்சம் கம்மி, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஏன் அப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஹார்மோன் ஒரு காரணமா இருக்கலாம்."

"ஆனா எனக்குக் கறையே இல்லையே?" என்றாள். கடைசியாகப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாகச் சொன்னார். தம்பிக்கு வந்தது குடலின் கடைசிப் பக்கம், ரத்தம் அப்படியே வெளியில் வந்துவிடும். வலப்பக்கம் பெருங்குடல் தொடங்குகிற இடம். அங்கே கசிகிற ரத்தம் வழியிலேயே கலந்து கறுத்துப்போகும், கண்ணுக்குத் தெரியாது. பெண்களுக்கு அந்தப் பக்கம் வருவது அதிகம். உடம்பு வெளுப்பதுதான் அடையாளம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உலகத்துக் கறையையெல்லாம் பார்த்தவள் தனக்குள்ளே ஊறியதைப் பார்க்கவில்லை. இதற்கு யாரைப் போய் நோவது?

குழாய்ப் பரிசோதனைக்கு முந்தின நாள் அவளே மருந்தைக் கலந்துகொண்டாள். யாருக்கும் சொல்லவில்லை. தம்பிக்கு அன்று எங்கோ கம்பி அறுந்து வேலை, மகளுக்குக் கைக்குழந்தை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஜக்கை நிமிர்ந்து பார்த்தாள், எடுக்கவில்லை. பால் காய்ச்சும் குண்டானில் கரைத்து, சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று குடித்தாள். மூக்கைத் தானே பிடித்துக்கொண்டாள்.

கட்டி வலப்பக்கம்தான் இருந்தது. கல்லீரலுக்கும் போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில் அதே பிழை. வெட்டினார்கள், கீமோ கொடுத்தார்கள். மருந்து கொஞ்ச காலம் பேச்சைக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. டாக்டர் 'குணம்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'சமாளிக்கலாம்' என்ற சொல்லுக்கு மாறினார். கறையக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எந்தக் கறை போகும், எதை மங்க வைக்கத்தான் முடியும் என்பதை வாடிக்கையாளரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

சாவதற்கு அவள் ரொம்பப் பயப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயம் மகளை நினைத்துத்தான் வந்தது. தான் கண்ணை மூடுவதற்குள் அவள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் கொடுக்க வைத்தாள். முடிவு வந்தது. மகளுக்கும் அதே பிழை இருந்தது.

உடனே குழாய்ப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். மகள் போகவில்லை. குழந்தைக்குச் சளி, கடையில் லீவு இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறையக்கா அழுத்திக் கேட்டபோது மகள் வெடித்துவிட்டாள்.

"நீதானேம்மா சொன்னே? தினமும் தூங்க வைக்கறப்போ தலையைத் தடவித் தடவி நீதானே சொன்னே? உனக்கு வராது, நீ பொண்ணுன்னு? இப்ப வந்து குழாய் விட்டுப் பாருங்கறே. எதை நான் நம்பறது?"

"தெரியாம சொல்லிட்டேன்டி."

"எனக்கு ஒண்ணுமே இல்லை. நல்லா இருக்கேன். நல்லா இருக்கறவளைப் போய் எதுக்குத் தோண்டணும்?"

"நானும் அப்படித்தான்டி நினைச்சேன்."

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கதவு அறைந்த சத்தத்தில் அலமாரியில் பாத்திரம் ஆடியது. அவள் மேல் கோபம் வரவில்லை கறையக்காவுக்கு. இருபத்தெட்டு வருஷம் நிலம் என்று நின்றிருந்த இடத்தைத் தண்ணீர் என்று சொன்னால் யார்தான் உடனே நம்புவார்கள்? லைன்மேன் போய்ப் பேசிப் பார்த்தான். "மாமா, உங்க வேலையைப் பாருங்க" என்று அவள் சொன்னதும் திரும்பி வந்தான். கம்பத்தில் ஏறுகிறவன், அக்கா மகளின் ஒரு பார்வைக்கு இறங்கிவிட்டான்.

வேலைக்குப் போவது நின்றிருந்தது. வீட்டில் படுத்துக் கிடந்தவளுக்குக் கை சும்மா இருக்காது. மகளின் தெரு பக்கத்தில்தான். தோழியை அனுப்பி, "குழந்தையோட துணியைக் கொடு, அவளுக்கு வேலைச்சுமை, உன் துணியும் இருந்தா போடு" என்று சொல்லி வாங்கிவரச் செய்தாள். மகளும் கோபத்தில் இருந்தாலும் கொடுத்தனுப்பினாள். ஒருதடவை, இரண்டு தடவை, பிறகு வாரா வாரம். தோழி, "நிக்கவே முடியலை, உனக்கு எதுக்குடி இந்தப் பிழைப்பு?" என்று திட்டிக்கொண்டேதான் மூட்டையைச் சுமந்து வந்தாள்.

ஒரு மாலை மகள் எதிர்பாராமல் வந்தாள். கதவு திறந்திருந்தது. பின்கட்டில் குழாயடியில் ஒரு முக்காலி, அதன் மேல் அம்மா. தலையில் முடி கொட்டிப்போய் ஒரு துணி சுற்றியிருந்தது. மணிக்கட்டு குச்சியாக இருந்தது. அவள் துணி துவைக்கவில்லை. மகளின் உள்ளாடை ஒன்றை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்து மடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க முடியாமல் காலால் இழுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

கறையக்கா திடுக்கிட்டுத் துணியை மடியில் மறைத்தாள், திருடி அகப்பட்டவளைப் போல.

"ஒண்ணுமில்லை. நனைக்கலாம்னு."

"பொய் சொல்லாதே. கறை பாக்கறே." மகளின் குரல் ஏறியது. "கறையில தெரியாதுன்னு நீதானேம்மா சொன்னே? வலப்பக்கம் வந்தா வெளியில தெரியவே தெரியாதுன்னு டாக்டர் சொன்னதா நீதானே சொன்னே?"

"தெரியாதுதான்."

"அப்புறம் எதுக்குப் பாக்கறே?"

கறையக்கா மறைத்த துணியை வெளியே எடுத்து மடியில் நீவினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைடி" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

மகள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சின்ன வயதில்கூட அப்படி அழுததில்லை. கறையக்கா அவள் தலையைத் தடவினாள். உனக்கு ஒண்ணும் வராது என்று வாய் வரை வந்தது. வாழ்நாளெல்லாம் சொன்ன சொல், விழுங்குவது சுலபமாக இல்லை. விழுங்கினாள்.

பரிசோதனைக்கு நாள் வாங்கியாயிற்று. முந்தின நாள் மாலை மகள் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். லைன்மேன் வேலை முடிந்து இடுப்புக் கயிற்றோடு நேரே வந்தான். பேத்தி அந்தக் கயிற்றின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கறையக்கா கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாட்கள் வந்திருந்தன.

"மேல்தட்டுல இருக்கு பாரு, அதை எடு" என்றாள் தம்பியிடம்.

அவன் எட்டி எடுத்தான். ஜக்கில் தூசி படிந்திருந்தது. கழுவினான். பொடிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்தான்.

"எவ்வளவு தண்ணிக்கா?"

"இத்தனை வருஷமா குடிக்கிறே, தெரியாதா உனக்கு? கோடு போட்டிருக்கேன் பாரு வெளியில."

"இந்தச் சிவப்பா? இது என்னவோ டிசைன்னு நினைச்சேன்."

கறையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தாலும் சிரித்தாள். மகளும் சிரித்தாள். லைன்மேன் அசடு வழிந்துகொண்டே தண்ணீரை ஊற்றி, கரண்டியை விட்டுக் கலக்க ஆரம்பித்தான். கட்டி தட்டியது. "அடியில இருந்து கலக்குடா" என்றாள் அக்கா. அவன் அடியிலிருந்து கலக்கினான். கலக்கிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"அக்கா. உனக்குக் குழாய் விட்டுப் பாத்தாங்களே. முந்தின நாள் யாரு கலந்து குடுத்தா?"

"நான்தான். வேற யாருக்குக் கலக்கத் தெரியும்?"

"இந்த ஜக்குலயா?"

"இல்லை. இது உங்களோடதுன்னு எடுக்கலை. பால் குண்டான்ல கரைச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"உனக்கு அன்னைக்குக் கம்பி அறுந்து வேலைடா."

லைன்மேன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்று அழுதான். குழந்தை கொக்கியை விட்டுவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தது. அழட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

மகள் எழுந்து போய் அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கி, மிச்சத்தைத் தானே கலக்கி, குளிரும்வரை காத்திருந்து, கிளாஸில் ஊற்றிக்கொண்டாள். கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கோ" என்றாள் கறையக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ஒரே மடக்கு."

மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். குமட்டியது, கண்ணில் நீர் வந்தது, வாயைப் புறங்கையால் துடைத்தாள். குழந்தை தனக்கும் வேண்டும் என்று கை நீட்டியது. கறையக்கா அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதுவும் பெண் குழந்தைதான்.

மகள் காலி கிளாஸை நீட்டினாள்.

"ஊத்துங்க மாமா" என்றாள்.